படுக்க வைத்த பாக்கெட்

அமீருன்னிசா கையில் எந்தத் தின்பண்டப் பாக்கெட்டைக் கொடுத்தாலும் அதன் முன்பக்கத்தை அவள் பார்ப்பதில்லை. வாங்கிய கையோடு திருப்பிவிடுவாள். எழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, அரிசியில் கல் தேடுகிறவள் மாதிரி மெதுவாக நகர்த்துவாள். விரல் கடைசி வரை போய்ச் சேர்ந்தால் பாக்கெட்டை நிமிர்த்தி நிற்க வைப்பாள். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் குப்புறப் படுக்க வைப்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நின்றால் சாப்பிடலாம், படுத்தால் கூடாது. மாரண்டஹள்ளி பள்ளிவாசல் தெருவில் பதினோரு வருடமாக இதுதான் வழக்கம்.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெலட்டின் என்ற சொல் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்பது, சந்தையில் அடிக்கடி பார்க்கிற ஆளின் முகம் போல அவளுக்குத் தெரியும். பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம், பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்பதும் தெரியும். ஆனால் பச்சைப் புள்ளியை அவள் முழுசாக நம்புவதில்லை. அதை அச்சடிக்கிறவன் விற்கிறவனே தானே? சேர்மானங்களுக்குப் போடுகிற எண்களைத்தான் நம்புவாள். கூடாத எண்கள் பதினெட்டு இருந்தன. அவற்றை எழுதிய தாள் ஒன்று சமையல் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது.

அந்தத் தாள் வந்த கதைக்கு முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. அவள் மாமனார் அப்துல் சுபான், லாரி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற கடை வைத்திருந்தவர், ஒருமுறை பெங்களூரு போய்த் திரும்பும்போது கலர் கலராக ஜெல்லி மிட்டாய் வாங்கி வந்தார். வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அமீருன்னிசாதான் தன் கையால் பிரித்துக் கொடுத்தாள். மறுநாள் கடைக்கு வந்த ஒருவர் மீதியிருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "பாய், இது பன்னி எலும்புல காய்ச்சற ஜெல்லிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று இன்று வரைக்கும் தெரியாது. அப்துல் சுபான் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு நாள் அவர் சோறு தின்னவில்லை. யாரும் அமீருன்னிசாவை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த மாதம் தர்மபுரியில் பெண்களுக்கு ஒரு பயான் நடந்தது. மார்க்கம் பற்றிப் பேசி முடித்து எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பெண் ஜெராக்ஸ் தாள்களை நீட்டிக்கொண்டே போனாள். அமீருன்னிசாவுக்கும் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து பதினெட்டு எண்களையும் மனப்பாடம் செய்தாள். அன்றிலிருந்து அவள் விரல் ஓடாத பாக்கெட் அந்தத் தெருவில் பிரிக்கப்படவில்லை.

கூட்டத்தில் பேசு என்றால் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொள்கிறவள், ஒரு பாக்கெட்டைப் படுக்க வைத்தால் இருபத்தேழு வீடு கேட்டது. ரொட்டியைப் படுக்க வைத்தாள், தெருவில் ரொட்டி வாங்குவது நின்றது. கப் ஐஸ்கிரீமைப் படுக்க வைத்தாள், வண்டிக்காரர் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போனார்.

கலைமணியின் ராகி பிஸ்கட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை நடந்ததில்லை. ஏனென்றால் அதற்குப் பின்பக்கமே இல்லை.

கலைமணி காய்கறி மண்டிக்குப் பின்னால் குடியிருக்கிறவள். எட்டு வருடம் ஓசூர் கம்பெனிக்கு வேனில் போய் வந்தவள். விடியும் முன் ஏறி, விளக்கு வைத்த பிறகு இறங்குகிற வேலை. அதை விட்டுவிட்டு நாத்தனார் மலர்விழியோடு சேர்ந்து தகரக் கொட்டகையில் செங்கல் அடுப்புக் கட்டி, ராகி மாவில் பிஸ்கட் போட ஆரம்பித்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவர்த்தியில் வாயை ஒட்டி, தெருத் தெருவாகக் கொண்டு வருவாள். முதலில் வாங்கியது பள்ளிவாசல் தெருதான். பல் எல்லாம் போன அப்துல் சுபானுக்கு டீயில் முக்கினால் கரைகிற அந்தப் பிஸ்கட் இல்லாமல் காலை விடியாது. மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

போன வருடம் நோன்புக்கு முந்தின வாரம். அமீருன்னிசாவின் கொழுந்தன் மனைவி ஹுமேராவின் வீட்டில் நான்கைந்து பெண்கள் சமோசாவுக்குப் பட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். கலைமணி ஒரு பையோடு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, லைசென்ஸ் வந்துருச்சு. பாக்கெட்டும் அச்சடிச்சாச்சு. பாருங்க, கம்பெனி பிஸ்கட் மாதிரியே இருக்குதா?"

"உன் போட்டோவப் போட்டிருந்தா இன்னும் நல்லா ஓடியிருக்கும்டி" என்றாள் ஹுமேரா.

"என் மூஞ்சியப் பாத்தா ராகியே கசக்கும்க்கா." எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு வருசத்துக்கு ஆவற கவர் அடிச்சிட்டேன். இனி அந்த ஓசூர் வேன் மூஞ்சியில முழிக்கவே மாட்டேன்."

அமீருன்னிசா கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்தாள். திருப்பினாள். பச்சைப் புள்ளி இருந்தது. விரல் ராகியைக் கடந்தது, சர்க்கரையைக் கடந்தது, அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு நின்றது. நானூற்று எழுபத்தொன்று. தாளில் நான்காவதாக இருக்கிற எண். எதிரே "பன்றிக் கொழுப்பு" என்று போட்டிருக்கிற எண்.

அவள் பாக்கெட்டைக் குப்புறப் படுக்க வைத்தாள்.

சமோசா மடித்த கைகள் நின்றன. கலைமணிக்கு இந்தத் தெருவின் வழக்கம் தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்னக்கா, டிசைன் புடிக்கலையா?"

ஹுமேரா மட்டும், "டீ குடிச்சிட்டுப் போ கலைமணி" என்றாள். கலைமணி குடிக்கவில்லை.

அன்றிலிருந்து அமீருன்னிசாவுக்கு நிம்மதி இல்லை. அவள் மொட்டை மாடியில் துணி காயப் போட்டால் கலைமணியின் கொட்டகை தெரியும். இத்தனை வருடம் தெரிந்துகொண்டுதான் இருந்தது, அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். வியாழக்கிழமை ஒரு மொபெட்டில் அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. வெண்ணெய்க்குப் பதில் பிஸ்கட்டுக்குப் போடுகிற மார்ஜரின். அதன் மேல் சாக்கைப் போட்டு மூடி அவசரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். தின்கிற பொருளை எதற்கு மூட வேண்டும்? மறுநாள் காலையில் அந்தப் பெட்டியைக் கலைமணி சுக்கல் சுக்கலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். எழுத்து இருக்கிற பெட்டியை எதற்கு எரிக்க வேண்டும்? மலர்விழி வெளியே வந்து தலை தூக்கிப் பார்த்தாள். மாடியில் அமீருன்னிசா நிற்பதைக் கண்டதும் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாளில் மூன்று. அமீருன்னிசா காய்ந்த துணியையும் எடுக்காமல் கீழே இறங்கினாள்.

வீட்டில் மாமனார் வெறும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குப் பல்லும் இல்ல, இப்ப பிஸ்கட்டும் இல்ல" என்றார். அன்று ஜெல்லி கொடுத்ததும் இந்தக் கைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

நோன்பு ஆரம்பிக்க இரண்டு நாள் இருந்தபோது கலைமணி வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அமீரக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. ஒண்ணு கேக்கணும்."

அமீருன்னிசா நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

"உங்க தெருவுல ஒரு வூட்ல கூட வாங்க மாட்டேங்கறாங்க. ஏன்னு கேட்டா ஸ்டாக் இருக்குதுங்கறாங்க, இல்லன்னா சிரிக்கறாங்க. கடைசில அந்தக் கோடி வூட்டு ஆயாதான் சொல்லுச்சு. நீங்க படுக்க வெச்சிட்டீங்களாமே? என்னா தப்புக்கா அதுல?"

அமீருன்னிசாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்த நம்பர்... பன்னிக் கொழுப்புன்னு லிஸ்ட்ல இருக்குது."

"என்னாது?" கலைமணி கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். "என் அடுப்புலயா? எங்க வூட்ல அத மோந்து கூடப் பாத்ததில்லைக்கா!"

"நம்பர் போட்டிருக்குதே."

"போட்டது யாரு? நான்தான். அச்சடிக்கிறவரு கேட்டாரு, இந்த நம்பர் எல்லாம் எதுக்கும்மா, சின்ன கம்பெனி தானே, வுட்டுடலாம்னு. நான்தான் எல்லாத்தையும் போடுங்க, நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். மூணு வருசமா இதே மாவு, இதே மார்ஜரின். எழுதாம குடுத்தப்ப தின்னீங்க. எழுதிக் குடுத்தா படுக்க வெக்கறீங்க. நல்லா இருக்குதுக்கா நியாயம்!"

அமீருன்னிசா தரையைப் பார்த்தாள்.

"வந்து பாருங்க. கொட்டாயத் தொறந்து காட்றேன். வர மாட்டீங்க. வந்தா தெரிஞ்சு போயிடுமே." கலைமணியின் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. "உங்க தெருவ நம்பித்தான் கவர் அடிச்சேன். பெருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாங்கலைன்னா அடுப்ப மூடிட்டு மறுபடியும் வேன்ல ஏறிட்டுப் போறேன். நீங்க மாடியில நின்னு நல்லா பாருங்க."

அவள் போன பிறகு அமீருன்னிசாவின் காதில் நின்றது ஒரே சொல்தான். மூணு வருசமா. அப்படியென்றால் மூன்று வருடமாக இந்தத் தெருவே அதைத் தின்றிருக்கிறது. மாமனார் தினம் இரண்டு வேளை தின்றிருக்கிறார். அவள் யாருக்கும் சொல்லவில்லை. தனியாகப் போய் வாய் கொப்பளித்தாள்.

ஹுமேரா தன் பாபியை விடவில்லை. அவள் பத்தாவது வரை படித்தவள், வாயும் அதற்கு ஏற்ற மாதிரி. "பாபி, பஸ் ஸ்டாண்டு பேக்கரி பப்ஸ் வாங்கித் திங்கறோமே, அதுக்குப் பின்பக்கம் எங்க இருக்குது? அதுல என்னா போட்டானோ! எழுதாதவன் நல்லவன், எழுதினவ கெட்டவளா?" அமீருன்னிசா அந்த நாளிலிருந்து பப்ஸையும் வாங்க விடவில்லை. ஹுமேரா தலையில் அடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது நோன்பன்று ஹுமேராவின் கணவன் சோஹைல் சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்தான். பெட்டி நிறையச் சாமான். பேரீச்சம்பழம், பால் பவுடர், நடுவில் கிரீம் வைத்த கேக் இரண்டு டப்பா. நோன்பு திறக்க எல்லோரும் அமீருன்னிசா வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. கேக்கைத் தட்டில் அடுக்குகிற வேலை அமீருன்னிசாவுடையது.

அந்தத் தெருவில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரபு நாட்டிலிருந்து வருகிற எதையும் யாரும் திருப்புவதில்லை. மக்கா இருக்கிற தேசத்துப் பொருளைச் சந்தேகப்பட்டுத் திருப்புவதா? அமீருன்னிசாவே பதினோரு வருடத்தில் ஒருமுறை கூடச் செய்ததில்லை.

"பாபி, இதையும் ஒருவாட்டி திருப்புங்களேன்" என்றாள் ஹுமேரா.

"சும்மா இரு" என்றார் மாமனார்.

"சும்மாதான் சொல்றேன். பாபி கைக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பாவிட்டால் ஹுமேரா பெருநாள் வரை சொல்லிக் காட்டுவாள். அமீருன்னிசா டப்பாவைத் திருப்பினாள். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். மூலையில் வட்ட முத்திரை, நடுவில் ஹலால் என்று அரபியில். குர்ஆன் ஓதுகிற கண்ணுக்கு அந்த எழுத்து உடனே தெரிந்தது. மனசு லேசாயிற்று. பழக்க தோஷத்தில் விரல் இங்கிலீஷ் எழுத்தின் மேல் ஓடியது.

ஓடிய விரல் நின்றது.

ஹுமேரா எட்டிப் பார்த்தாள். "அதே நம்பர்! நாலு, ஏழு, ஒண்ணு! மாமா, கலைமணி மார்ஜரின சவூதிக்கு அனுப்பிட்டா போல இருக்குது!"

"அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்றார் மாமனார். "அங்கயுமா?"

சோஹைலுக்கு விஷயமே தெரியாது. சொன்னதும் சிரித்தான். "பாபி, நான் அங்க தின்பண்டக் கோடவுன்லதான் நிக்கறேன். அந்த நம்பர் மாவும் எண்ணெயும் ஒண்ணாச் சேரறதுக்குப் போடற சரக்கு. பன்னியிலயும் எடுக்கலாம், பாமாயில்லயும் எடுக்கலாம். எதுல எடுத்ததுன்னு நம்பர் சொல்லாது. அத வேற எடத்துல பாக்கணும், இல்லன்னா செய்யறவங்களக் கேக்கணும். உங்க லிஸ்ட்ட யாரு எழுதினது?"

யார் எழுதியது? அமீருன்னிசா எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். தாளில் பெயர் இல்லை. ஊர் இல்லை. கையெழுத்தும் இல்லை. பயானில் கொடுத்த பெண்ணின் முகம் கூட ஞாபகம் வரவில்லை. கத்தி முனையால் பிளாஸ்டிக் உறையை நெம்பி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஊரில் உள்ள பாக்கெட்டையெல்லாம் திருப்பியவள் இதை மட்டும் இத்தனை வருடம் திருப்பியதில்லை. பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது.

பாங்கு சொன்னார்கள். அவள் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டாள். கேக் டப்பாவை அன்று நிற்கவும் வைக்கவில்லை, படுக்கவும் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சோஹைல் சொன்னதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. முத்திரையையும் ஒருவன் அச்சடிக்கத்தானே செய்கிறான் என்றும் தோன்றியது. ஆனால் தாளும் முத்திரையும் இரண்டுமே சரியாக இருக்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மண்டிக்குப் பின்னால் போனாள். கலைமணி அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்னக்கா, மாடியில இருந்து சரியாத் தெரியலையா?"

"பெட்டியக் காட்டு" என்றாள் அமீருன்னிசா.

வெயிலில் உருகாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது பெட்டி. கலைமணி சாக்கை இழுத்துப் போட்டாள். அமீருன்னிசா குனிந்து, பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் பார்த்தாள். பச்சைப் புள்ளி இருந்தது. எண் இருந்தது. எண்ணுக்கு மேலே, படிக்காதவளுக்கும் புரிகிற மாதிரி, குலை குலையாகக் காய்த்த பனை ஜாதி மரத்தின் படம் இருந்தது.

"பாமாயில்க்கா. மரத்தையே போட்டிருக்கான்."

"பெட்டிய ஏன் எரிக்கற?"

"எரிக்காம? வெறகு பத்த வேற என்ன இருக்குது இங்க?"

"மலர்விழி என்னப் பாத்துக் கதவச் சாத்தினாளே?"

கலைமணிக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. "நைட்டியோட அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு இருந்தா. மேல ஒரு துண்டு கூட இல்ல. ஒருத்தர் மாடியில நின்னு மொறச்சுப் பாத்தா என்னா பண்ணுவா? அவ இப்ப இங்க இல்ல. திங்கக்கிழமையில இருந்து வேன்ல போறா. ரெண்டு பேருக்கு இங்க வேல இல்லக்கா."

அமீருன்னிசா ஒரு பை நிறையப் பிஸ்கட் வாங்கிக்கொண்டாள். அன்று பகல் முழுக்க, நோன்பு வாயோடு, இருபத்தேழு வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாக்கெட்டை எடுத்து எல்லோரும் பார்க்க நிற்க வைத்தாள். அது போதாது என்று தெரிந்ததால் வாயையும் திறந்தாள். "நான் தப்பாப் பாத்துட்டேன். லிஸ்ட் தப்பு."

இருபத்தேழு முறை சொன்னாள். அவள் வாழ்நாளில் ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை.

படுக்க வைத்தபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நிற்க வைத்தபோது எல்லோரும் கேட்டார்கள். "போன மாசம் படுத்துச்சு, இந்த மாசம் எந்திரிச்சிருச்சா?" என்று ஒருத்தி. "கலைமணி வந்து அழுதாளாமே, அதுக்காக மார்க்கத்த வுட்டுட முடியுமா?" என்று இன்னொருத்தி. ஒரு வீட்டுப் பெண் பாக்கெட்டை எடுத்து, அமீருன்னிசா கண்ணெதிரே திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். எண் வந்த இடத்தில் விரலை நிறுத்தி அமீருன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்பது அமீருன்னிசாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மாமனார் மட்டும் ஒன்றும் கேட்காமல் பெருநாள் காலையில் டீயில் முக்கி நான்கு பிஸ்கட் தின்றார்.

அலமாரிக் கதவில் தாள் இருந்த இடத்தில் இப்போது பசைத் தடம் இருக்கிறது. பாக்கெட் கொண்டு வந்து காட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பாதிப் பேர் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். காட்டுகிறவர்களிடம் அமீருன்னிசா, "இது எனக்குத் தெரியல, கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேக்கணும்" என்று சொல்கிறாள். ஹுமேரா போன் போட்டுக் கொடுக்கிறாள். சவூதி டப்பாவையும் அமீருன்னிசா இப்போது திருப்பித்தான் பார்க்கிறாள். கலைமணியின் அடுப்பு வாரத்தில் மூன்று நாள் எரிகிறது. மலர்விழி இன்னும் ஓசூர் வேனில்தான் போய் வருகிறாள். பள்ளிவாசல் தெருவில் இருபத்தேழு வீட்டில் ஒன்பது வீடு ராகி பிஸ்கட் வாங்குகிறது.